காரணம் சொல்லும் கடமை நம்முடையது

மனிதவளத் துறையில் பணியாற்றும் நண்பர்களுக்கு,

சென்னையின் மென்பொருள் நிறுவனங்களிலும், ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் ஆலைகளிலும், திருப்பூரின் பின்னலாடைத் தொழிலிலும், கோவையின் பொறியியல் கூடங்களிலும் ஆள் எடுப்பது, சம்பளம் போடுவது, அப்ரைசல் நடத்துவது, வேலையை விட்டுப் போகிறவரிடம் கடைசியாகப் பேசுவது என்று அன்றாடம் மனிதர்களின் பிழைப்போடு புழங்குகிறவர்கள் நீங்கள். நானும் உங்களில் ஒருவர். பல ஆண்டுகளாக இதே வேலையைப் பார்த்துவரும் உரிமையில் இந்த மடலை எழுதுகிறேன்.

சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செயற்கை நுண்ணறிவு நம் மேசைக்கு வந்துவிட்டது. ரெஸ்யூம்களை வடிகட்டுவது, வீடியோ நேர்காணலுக்கு மதிப்பெண் போடுவது, யார் வேலையை விடுவார் என்று கணிப்பது, அப்ரைசல் குறிப்பு எழுதித் தருவது என்று ஒவ்வொரு வேலையாக அதன் கைக்குப் போகிறது. அதை வாங்குவதா என்று நிர்வாகம் முடிவெடுக்கிறது. நிறுவும் வேலையை ஐ.டி. துறை பார்க்கிறது. விற்றவர் வந்து எந்தப் பொத்தானை எப்போது அழுத்த வேண்டும் என்று காட்டிவிட்டுப் போகிறார். ஆனால் அந்தக் கருவி ஒருவரை ஒதுக்கும்போது, அந்த முடிவு நம் பெயரில்தான் வெளியே போகிறது. அதற்குப் பின்னால் இருக்கும் கணக்கு நமக்குப் புரியவில்லை என்றால், அதில் கையெழுத்துப் போடும் தகுதி நமக்கு இல்லை. அந்தத் தகுதியை அடையும் அளவுக்கு நாம் ஒவ்வொருவரும் தொழில்நுட்பம் கற்றாக வேண்டும். எல்லோரும் புரோகிராமர் ஆக வேண்டியதில்லை. கருவியைச் சோதித்துப் பார்க்கவும், அது சொல்லும் விடை தவறென்றால் ஆதாரத்தோடு மறுக்கவும் தெரிந்தால் போதும்.

இது ஏன் நம் வேலை, பொறியாளர்களிடம் விட்டுவிடலாமே என்று நினைப்பவர்களுக்கு அமேசானில் நடந்ததை நினைவூட்டுகிறேன். 2014-இல் அந்த நிறுவனத்தின் பொறியாளர்கள் ரெஸ்யூமுக்கு ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரம் போடும் ஒரு மென்பொருளை உருவாக்கத் தொடங்கினார்கள். பத்து ஆண்டுகளில் நிறுவனத்துக்கு வந்திருந்த ரெஸ்யூம்களைக் கொடுத்து அதைப் பழக்கினார்கள். அவற்றில் பெரும்பாலானவை ஆண்கள் அனுப்பியவை. மென்பொருள் அதிலிருந்து ஒரு பாடம் கற்றுக்கொண்டது. பெண்களுக்கான சதுரங்கக் கழகத்தில் தலைவியாக இருந்தேன் என்பது போன்ற குறிப்பு ரெஸ்யூமில் இருந்தால் மதிப்பைக் குறைத்தது. இரண்டு மகளிர் கல்லூரிகளில் படித்தவர்களைப் பின்னுக்குத் தள்ளியது. அதைத் திருத்தினார்கள், ஆனால் வேறு வழியில் அதே பாகுபாடு நுழையாது என்று யாராலும் உறுதி சொல்ல முடியவில்லை. கடைசியில் திட்டத்தையே கைவிட்டார்கள். 2018 அக்டோபரில் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் இதை வெளியே கொண்டுவந்தது.

உலகின் தேர்ந்த பொறியாளர்கள் செய்த வேலை அது. அவர்களுக்குக் கணக்கு தெரிந்திருந்தது. கோளாறு அவர்கள் கையாண்ட தரவில் இருந்தது. அப்படிப்பட்ட தரவு எங்கிருந்து வருகிறது? யாரை ஷார்ட்லிஸ்ட் செய்தோம், யாருக்கு ஆஃபர் கொடுத்தோம், யாரை ஹோல்டில் வைத்தோம் என்று நாமும் நமக்கு முன்னால் இந்த வேலையைப் பார்த்தவர்களும் எழுதி வைத்த பதிவுகள்தான் அவை. அந்தப் பதிவுகளின் பின்னணி தெரிந்தவர்கள் நாம். திருமணமான பெண்களை எடுக்க வேண்டாம் என்று ஒரு மேலாளர் வாய்மொழியாகச் சொல்லி வைத்திருந்தால், அந்த ஆண்டின் தரவில் அந்தச் சொல் எங்கும் இருக்காது. விளைவு மட்டும் எண்ணாக இருக்கும். இயந்திரம் அந்த எண்ணைத் திறமைக்கான அடையாளமாக எடுத்துக்கொள்ளும். இதைப் பொறியாளருக்கு எடுத்துச் சொல்ல நம்மைவிட்டால் வேறு ஆள் இல்லை. அவருக்குப் புரியும்படி சொல்ல, அவருடைய வேலை நமக்கும் கொஞ்சம் புரிந்திருக்க வேண்டும்.

நம் நாட்டுத் தரவில் பாகுபாட்டின் வடு எவ்வளவு ஆழமானது என்பதற்கு ஆய்வு இருக்கிறது. ஆய்வாளர்கள் சுகதேவ் தோரட்டும் பால் ஆட்டவெல்லும் தனியார் நிறுவனங்களின் வேலை விளம்பரங்களுக்கு, தகுதி ஒன்றாகவும் பெயர் மட்டும் வேறாகவும் உள்ள விண்ணப்பங்களை அனுப்பிப் பார்த்தார்கள். உயர்சாதி இந்துப் பெயர்களோடு ஒப்பிட்டால் தலித் பெயர்களுக்கும் முஸ்லிம் பெயர்களுக்கும் அழைப்பு குறைவாகவே வந்தது. 2007-இல் எகனாமிக் அண்ட் பொலிட்டிக்கல் வீக்லி இதழில் அந்த ஆய்வு வெளியானது. அந்த விண்ணப்பங்களை ஒதுக்கியவர்கள் மனிதர்கள். அப்படி ஒதுக்கிய பதிவுகளைத் தின்று வளரும் இயந்திரம் அதையே இன்னும் வேகமாகச் செய்யும்.

தமிழ்நாட்டில் பெயருக்குப் பின்னால் சாதி போடுவதில்லையே என்று கேட்கலாம். 1929-இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் சாதிப் பட்டத்தைத் துறக்கச் சொல்லித் தீர்மானம் போட்ட மண் இது. அந்தப் பெருமை உண்மையானது. ஆனால் இயந்திரத்துக்குப் பெயர் தேவையில்லை. வீட்டு முகவரியின் பின்கோடு, படித்த பள்ளி, பயிற்று மொழி, தந்தையின் தொழில், கல்லூரியின் பெயர் ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்தாலே ஒருவர் எந்தத் தெருவிலிருந்து வருகிறார் என்று அது கணித்துவிடும். பட்டம் வாங்கிய ஆண்டு வயதைச் சொல்லும். இரண்டு ஆண்டு வேலை இடைவெளி பெரும்பாலும் தாய்மையைச் சொல்லும். ஒன்றுக்குப் பதிலாக நின்று அதைக் காட்டிக்கொடுக்கும் இப்படிப்பட்ட விவரத்தைத் தரவுத் துறையில் ப்ராக்ஸி என்கிறார்கள். நாம் முதலில் கற்க வேண்டியது இதைத்தான். உங்கள் விண்ணப்பப் படிவத்தில் உள்ள ஒவ்வொரு கட்டத்தையும் எடுத்துக்கொண்டு, இது வேலைக்குத் தேவையா, வேறு எதைக் காட்டிக்கொடுக்கும் என்று எழுதிப் பாருங்கள். ஒரு பிற்பகலில் முடிகிற வேலை. பல கட்டங்களை நீக்கிவிடத் தோன்றும்.

நம் ஊருக்கே உரிய சிக்கல்களும் உண்டு. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டும் கட்டாயம் கேட்கும் மென்பொருளில் ஒருவர் தந்தையின் பெயரைப் போடுவார், இன்னொருவர் ஒற்றை எழுத்தைப் போடுவார். சான்றிதழில் ஒரு மாதிரியும் ஆதாரில் ஒரு மாதிரியும் இருக்கும். பெயர் பொருந்தவில்லை என்று இயந்திரம் கொடி காட்டினால், அவர் எதையோ மறைக்கிறார் என்ற சந்தேகம் வந்து சேரும். டிப்ளமோ முடித்து நேரடியாக இரண்டாம் ஆண்டில் பி.இ. சேர்ந்தவர் மூன்று ஆண்டுதான் கல்லூரியில் படித்திருப்பார். நான்கு ஆண்டுப் படிப்பு வேண்டும் என்ற வடிகட்டி அவரை வெளியே தள்ளும். வெளிநாட்டில் உருவான கருவிக்கு இதெல்லாம் தெரியாது. நமக்குத் தெரியும். தெரிந்ததை விதியாக எழுதிக் கொடுத்து, விதி வேலை செய்கிறதா என்று சோதிக்கவும் நாம் பழக வேண்டும்.

சோதிப்பது எப்படி? அதைக் கற்றுக்கொடுத்தது ஒரு விண்ணப்பதாரர். ஐட்யூட்டர்குரூப் என்ற இணையவழிக் கல்வி நிறுவனத்தின் மென்பொருள், 55 வயதைத் தொட்ட பெண்களையும் 60 வயதைத் தொட்ட ஆண்களையும் தானாகவே நிராகரித்தது என்று அமெரிக்க அரசின் சம வேலைவாய்ப்பு ஆணையம் வழக்குத் தொடுத்தது. 2023-இல் 3,65,000 டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டு நிறுவனம் வழக்கை முடித்துக்கொண்டது. விஷயம் வெளிப்பட்டது இப்படித்தான்: ஒருவர் பிறந்த தேதியை மட்டும் மாற்றி, மற்ற எல்லாவற்றையும் அப்படியே வைத்து, இரண்டு விண்ணப்பங்களை அனுப்பினார். இளையவர் போலக் காட்டிய விண்ணப்பத்துக்கு நேர்காணல் அழைப்பு வந்தது. இதற்கு எந்த மென்பொருளும் தேவைப்படவில்லை. விற்பவர் உங்கள் அலுவலகத்தில் டெமோ காட்டும்போதே இதைச் செய்யலாம். ஒரே ரெஸ்யூமில் பெயர், பால், பின்கோடு, பட்டம் வாங்கிய ஆண்டு இவற்றை ஒவ்வொன்றாக மாற்றிப் போட்டு மதிப்பெண் நகர்கிறதா என்று பாருங்கள். நகர்ந்தால் அவர் காரணம் சொல்லட்டும்.

அடுத்தது ஒரு சிறு கணக்கு. அமெரிக்க அரசின் தேர்வு நெறிமுறைகளில் 1978 முதல் ஐந்தில் நான்கு என்றொரு அளவுகோல் இருக்கிறது. ஒரு பிரிவினர் தேர்வாகும் விகிதம், அதிகம் தேர்வாகும் பிரிவின் விகிதத்தில் 80 சதவீதத்துக்குக் கீழே போனால் விசாரிக்க வேண்டும் என்பது அதன் சாரம். 200 ஆண்கள் விண்ணப்பித்து 60 பேர் ஷார்ட்லிஸ்ட் ஆனால் 30 சதவீதம். 100 பெண்கள் விண்ணப்பித்து 18 பேர் ஆனால் 18 சதவீதம். 18-ஐ 30-ஆல் வகுத்தால் 0.6, அதாவது 60 சதவீதம். எண்பதுக்கு வெகு கீழே. எக்செலில் ஒரு பிவட் டேபிள் போடத் தெரிந்தவர் பத்து நிமிடத்தில் இதைக் கண்டுபிடிப்பார். எண்ணிக்கை குறைவாக இருந்தால் இந்த விகிதம் தற்செயலாகவும் ஆடும். எப்போது நம்பலாம், எப்போது கூடாது என்று தெரிய அடிப்படைப் புள்ளியியல் கொஞ்சம் வேண்டும். அதுவும் பன்னிரண்டாம் வகுப்புக் கணக்கைத் தாண்டாது.

விற்பவர்கள் சொல்லும் துல்லியம் என்ற எண்ணையும் பிரித்துப் பார்க்கக் கற்க வேண்டும். ஒரு வேலைக்கு 1,000 பேர் விண்ணப்பிக்கிறார்கள், அதில் உண்மையில் பொருத்தமானவர்கள் 50 பேர் என்று வைத்துக்கொள்வோம். எங்கள் கருவி 90 சதவீதம் சரி என்கிறார் விற்பவர். பொருத்தமான 50 பேரில் 45 பேரை அது பிடிக்கும். பொருந்தாத 950 பேரில் 95 பேரையும் தவறாக உள்ளே விடும். உங்கள் கைக்கு வரும் பட்டியலில் 140 பேர் இருப்பார்கள். அவர்களில் தகுதியானவர் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. தவறாக உள்ளே வந்த 95 பேரை நேர்காணலில் பார்த்துவிடுவீர்கள். தவறாக வெளியே போன 5 பேரை யாருமே பார்க்கப் போவதில்லை. அந்த ஐந்து பேருக்காகத்தான் மன்றாடுகிறேன். இயந்திரம் ஒதுக்கியவர்களில் 50 பேரை மாதந்தோறும் குலுக்கல் முறையில் எடுத்து, மதிப்பெண்ணை மறைத்துவிட்டு, அனுபவமுள்ள ஒருவர் கையால் படித்துப் பார்க்கும் வழக்கத்தை எல்லா அலுவலகங்களிலும் கொண்டுவாருங்கள்.

வீடியோ நேர்காணல் கருவிகளில் இன்னும் கூடுதல் கவனம் வேண்டும். முகபாவத்தை அலசி மதிப்பெண் போடும் முறையைக் கைவிட்டுவிட்டதாக, அத்தகைய கருவியை விற்கும் ஹைர்வியூ நிறுவனமே 2021-இல் அறிவித்தது. ஆனால் பேச்சை எழுத்தாக்கி அந்த எழுத்துக்கு மதிப்பெண் போடும் முறை தொடர்கிறது. ஐந்து பெரிய நிறுவனங்களின் பேச்சுணரும் மென்பொருள்களை ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் ஒப்பிட்டு 2020-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அமெரிக்க வெள்ளையர் பேசும்போது நூறு சொல்லுக்குச் சராசரியாக 19 பிழை. கறுப்பினத்தவர் பேசும்போது 35. ஆங்கிலமே தாய்மொழியான மக்களுக்குள்ளேயே இந்த வேறுபாடு என்றால், தமிழ் வழியில் படித்துக் கல்லூரியில்தான் ஆங்கிலம் பேசத் தொடங்கிய இளைஞர் சொன்னதை அது எப்படி எழுதியிருக்கும்? கருவி எழுதிய வரிகளைக் கேட்டு வாங்கி, ஒலிப்பதிவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மதிப்பெண் போகட்டும், அவர் சொன்னது முதலில் சரியாகப் பதிவாகியிருக்கிறதா?

சாட்ஜிபிடி போன்ற மொழி மாதிரிகள் வேறு வகை. அவை சரளமாக எழுதும்; அந்தச் சரளம்தான் ஆபத்து. ஒரே ரெஸ்யூமைப் பத்து முறை கொடுத்தால் பத்து முறையும் ஒரே மதிப்பெண் வரும் என்று உறுதி இல்லை. ரெஸ்யூமில் வெள்ளைத் தாளில் வெள்ளை எழுத்தாக, இவரைத் தேர்ந்தெடு என்று ஒரு வரியை ஒளித்து வைத்தால் அதற்குக் கீழ்ப்படியவும் கூடும். ஊழியர்களின் கேள்விக்குப் பதில் சொல்ல சாட்பாட் வைத்திருந்தால், விடை தெரிந்த கேள்விகளைக் கேட்டுச் சோதியுங்கள். பேறுகால விடுப்பு 26 வாரம். ஏற்கெனவே இரண்டு குழந்தைகள் இருப்பவருக்கு எத்தனை வாரம் என்று கேளுங்கள். சட்டப்படி 12. சாட்பாட் 26 என்று சொல்லி, ஒரு பெண் அதை நம்பித் திட்டமிட்டுவிட்டால் யார் பொறுப்பு? ஏர் கனடா விமான நிறுவனத்தின் சாட்பாட் ஒரு பயணிக்குக் கட்டணச் சலுகை பற்றித் தவறான தகவல் சொன்னபோது, அதற்கு நிறுவனமே பொறுப்பு என்று 2024-இல் கனடாவின் ஒரு தீர்ப்பாயம் சொல்லிவிட்டது.

தரவைக் காப்பதும் தொழில்நுட்பத் திறன்தான். ஊழியரின் மருத்துவச் சான்றிதழையோ, சம்பளப் பட்டியலையோ, பாலியல் தொல்லைப் புகாரையோ சுருக்கித் தரும்படி பொதுச் சேவையில் ஒட்டுவது கூடவே கூடாது. பெயரை நீக்கினால் போதாது. துறை, பதவி, ஊர் மூன்றையும் சேர்த்தால் ஆள் யாரென்று தெரிந்துவிடும். இந்தியாவின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் வந்தது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. போதிய பாதுகாப்பு ஏற்பாடு செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க அதில் இடமுண்டு. எந்தச் சேவை நம் தரவை எங்கே வைக்கிறது, எத்தனை நாள் வைக்கிறது, தன் மாதிரியைப் பழக்க அதைப் பயன்படுத்துகிறதா என்ற மூன்று கேள்விகளுக்கும் எழுத்தில் பதில் இல்லாமல் எந்த ஒப்பந்தத்துக்கும் ஒப்புதல் தராதீர்கள்.

வெளிநாட்டுச் சட்டம் நமக்கெதற்கு என்று ஒதுக்கவும் முடியாது. சென்னையில் உட்கார்ந்து ஐரோப்பிய, அமெரிக்க நிறுவனங்களுக்கு மனிதவள வேலை பார்ப்பவர்கள் ஏராளம். நியூயார்க் நகரில் 2023 ஜூலை முதல், ஆள் தேர்வுக்குத் தானியங்கிக் கருவியைப் பயன்படுத்தும் நிறுவனம் ஆண்டுதோறும் பாகுபாட்டுத் தணிக்கை செய்து சுருக்கத்தை வெளியிட வேண்டும்; விண்ணப்பதாரருக்கும் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் செயற்கை நுண்ணறிவுச் சட்டம் ஆள்சேர்ப்புக் கருவிகளை அதிக ஆபத்துள்ளவை என்ற வகையில் வைக்கிறது. பணியிடத்தில் ஊழியர்களின் உணர்ச்சியைக் கணிக்கும் கருவிகளுக்கு, மருத்துவ, பாதுகாப்புக் காரணங்கள் தவிர, 2025 பிப்ரவரி 2 முதல் அங்கே தடை. கருவியைக் கையாளும் ஊழியர்களுக்கு அதைப் பற்றிய போதிய அறிவு இருக்க வேண்டும் என்ற விதியும் அன்றே நடைமுறைக்கு வந்தது. வொர்க்டே நிறுவனத்தின் தேர்வு மென்பொருள் வயதின் அடிப்படையில் தங்களை ஒதுக்கியது என்ற வழக்கில், 40 வயதை எட்டிய மற்ற விண்ணப்பதாரர்களும் சேர்ந்துகொள்ள 2025 மே மாதம் கலிபோர்னியாவில் ஒரு நீதிபதி வழிவிட்டார். தீர்ப்பு எதுவானாலும் ஒன்று தெளிவு: இயந்திரம் சொன்னது, நாங்கள் செய்தோம் என்ற பதில் இனி எடுபடாது.

எங்கே தொடங்குவது என்று பலரும் கேட்கிறீர்கள். சொந்தத் தரவில் தொடங்குங்கள். கடந்த ஆண்டு உங்கள் அலுவலகத்துக்கு வந்த விண்ணப்பங்களை எக்செலில் எடுத்து, பால், ஊர், கல்லூரி வாரியாக எந்தக் கட்டத்தில் யார் விழுந்தார்கள் என்று பாருங்கள். கேள்வி உங்களுடையதாக இருக்கும்போது பாடம் மனதில் நிற்கும். அடுத்து, தரவுத்தளத்திலிருந்து விவரம் எடுக்க உதவும் எஸ்.க்யூ.எல். மொழியின் அடிப்படை கற்றால், தரவுக்காக வேறு துறையிடம் காத்திருக்க வேண்டியதில்லை. இயந்திரக் கற்றல் எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்ள ஹெல்சின்கி பல்கலைக்கழகத்தின் எலிமென்ட்ஸ் ஆஃப் ஏஐ பாடம் இலவசமாகவே இருக்கிறது. கணிதப் பின்னணி இல்லாதவர்களுக்காகவே எழுதப்பட்டது. ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் என்பிடெல் பாடங்களும் இலவசம். பைத்தான் போன்ற நிரல்மொழி பிறகு வரட்டும். உங்கள் நிறுவனத்தின் தரவுப் பொறியாளரோடு வாரம் ஒரு மணி நேரம் உட்காருங்கள். அவர் உங்களுக்கு மாதிரியை விளக்கட்டும். நீங்கள் அவருக்கு அரியர் என்றால் என்ன, முதல் தலைமுறைப் பட்டதாரி என்றால் என்ன என்று விளக்குங்கள்.

நம் வேலையே போய்விடுமோ என்ற அச்சம் உங்களில் பலருக்கு இருக்கிறது. அது நியாயமான அச்சம். விடுப்புக் கணக்கு, கடிதம் தயாரிப்பது, நேர்காணலுக்கு நேரம் குறிப்பது ஆகியவற்றில் மனிதக் கை குறையத்தான் போகிறது. இயந்திரத்தின் முடிவை அப்படியே கடத்திவிடும் இடத்தில் இருப்பவருக்கு நாளை இடம் இருக்காது. அதைத் தணிக்கை செய்யத் தெரிந்தவருக்கு வேலை கூடும். இந்தத் திறனை இரவில் தூக்கத்தைக் கெடுத்து, சொந்தச் செலவில் கற்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். ஊழியருக்குப் பயிற்சி அவருடைய வேலை நேரத்திலேயே தர வேண்டும் என்று மற்றத் துறைகளுக்காக வாதாடுகிறவர்கள் நாம். நமக்காகவும் வாதாடுவோம்.

ஆகவே மூன்று கோரிக்கைகளை உங்கள் நிர்வாகத்திடம் எழுத்தில் வையுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். ஒன்று, மனிதவளத் துறையினருக்கு வேலை நேரத்திலேயே தரவுப் பயிற்சி வேண்டும். இரண்டு, ஆட்களை மதிப்பிடும் எந்தக் கருவியை வாங்குவதற்கு முன்னும் நம் துறையின் சோதனை அறிக்கை கட்டாயமாக வேண்டும்; கருவி தேறாவிட்டால் வாங்காமல் நிறுத்தும் அதிகாரமும் அதோடு வேண்டும். மூன்று, இயந்திரம் ஒதுக்கிய யாரும் ஒரு மனிதரிடம் மேல்முறையீடு செய்ய வழி வேண்டும். அந்த மனிதருக்கு முடிவை மாற்றும் உரிமையும் வேண்டும். அடுத்த டெமோவுக்கு யாராவது வருவதற்குள், பெயரையும் ஊரையும் மாற்றிய பத்து ரெஸ்யூம்களைத் தயார் செய்து வையுங்கள். என்ன கண்டீர்கள் என்பதை மற்ற நிறுவனங்களில் இருக்கும் நம் தோழர்களுக்கும் சொல்லுங்கள். ஒவ்வொருவரும் தனித்தனியே கேட்டால் விற்பவர் மழுப்பிவிடுவார். தமிழ்நாட்டின் மனிதவளத் துறை முழுவதும் ஒரே கேள்வியைக் கேட்டால் அவர் கருவியைத் திருத்தியே ஆக வேண்டும்.

நம்பிக்கையோடும் தோழமையோடும்,
உங்கள் துறையில் பணியாற்றும் ஒருவர்
சென்னை